கோச் வராத ஃபைனல்

"ஏனுங்க டீச்சர், ஃபைனல் அன்னிக்குக் கோச் வரலைன்னா அதுக்குப் பேரு என்னங்க?"

கேட்டவர் கந்தவேல். பனியன் கம்பெனி முதலாளி. அரசு பெண்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். கோபம் வந்தால் அவருக்கு முதலில் காது சிவக்கும். இப்போது சிவந்திருந்தது.

தலைமையாசிரியை சித்ரகலா மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாவட்ட ஹாக்கி இறுதிப் போட்டி. ஆளுக்கு ஒரு கோல். கொஞ்ச நேர ஆட்டம்தான் பாக்கி.

"வர முடியலைன்னு காலைலயே போன் பண்ணிட்டாங்க சார். பிள்ளைங்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாச்சு, நீங்க பெஞ்சுல உக்காந்தாப் போதும்னாங்க."

"அப்படி என்ன வேலையாமுங்க?"

"அதைச் சொல்லலை சார்."

போன வருடம் இந்த டீம் ஆடிய லட்சணம் ஊருக்கே தெரியும். பதினோரு பேர் சேர்வதே பெரும்பாடு. எதிர் டீமின் கோல்கீப்பர் ஆட்டத்துக்கு நடுவில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வரலாம், பந்து அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

அப்புறம்தான் பெற்றோர் ஆசிரியர் கழகம் கோவில்பட்டியிலிருந்து விஜயராணியைக் கோச்சாகக் கொண்டுவந்தது. இந்த வருடம் ஒரு பெண்கூட பயிற்சிக்கு மட்டம் போடவில்லை. ஜெயித்து ஜெயித்து ஃபைனல் வரை வந்துவிட்டார்கள்.

"எனக்கு முந்தியே சந்தேகமுங்க. காலைல கிரவுண்டுல நிக்கறாங்க, சரி. சாயங்காலமானா கேப்டன் புள்ளைகிட்ட விசிலைக் குடுத்துட்டுக் கெளம்பிடறாங்க. லைன் ஊடுகள்ல தினம் ஒரு ஊட்டுல போயி உக்காந்துக்கறாங்களாம். எங்க வேன் டிரைவரே பார்த்திருக்கான்."

"நானும் கேட்டேன் சார். சிரிச்சுட்டுப் போயிட்டாங்க."

"ஆகாதுங்க. நாளைக்கே வேற கோச் பார்க்கறோம்."

அந்த நேரத்தில் கேப்டன் அபிராமி வலது பக்கம் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு உள்ளே புகுந்து ஓங்கி அடித்தாள். கோல்.

கேலரியில் ஒரு பெண்கள் கூட்டம் துள்ளிக் குதித்தது. அதில் ஒரு அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலே அடித்துவிட்டார்.

"யாருங்க அவங்கெல்லாம்?"

"நம்ம பிள்ளைங்களோட அம்மாக்கள் சார். விசிலடிச்சது அபிராமியோட அம்மா சின்னத்தாய்."

"பார்த்தீங்களா டீச்சர்? பெத்தவங்களுக்கு வர முடிஞ்சிருக்குது. கோச்சுக்கு முடியலை."

இரண்டுக்கு ஒன்று. கப் வந்துவிட்டது. பிள்ளைகள் கட்டிப் பிடித்து அழுதார்கள். அம்மாக்கள் சிரித்துக்கொண்டே அழுதார்கள். கந்தவேலுக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் போயிற்று. போட்டோவில் நடுவில் நின்றுகொண்டார்.

"கப்பை மிஸ்கிட்டக் காட்டணும் சார். எங்க வீட்டுலதான் இருக்காங்க," என்றாள் அபிராமி.

"வா கண்ணு, நானும் வர்றேன். அவங்ககிட்ட நாலு கேள்வி கேக்க வேண்டியிருக்குது."

பிள்ளைகளையும் அம்மாக்களையும் ஏற்றிக்கொண்டு வந்த வேன் லைன் வீட்டு வாசலில் நின்றது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இடுப்பு உயரத்துக்குப் பனியன் குவியல். நடுவில் விஜயராணி உட்கார்ந்து, தையல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் பஞ்சு.

கப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கடைசியில எல்லாரும் பின்னாடி எறங்கி நின்னீகளா?"

"நின்னோம் மிஸ்."

"அதான் ஜெயிச்சிருக்கீக."

கந்தவேல் வாசலில் செருப்போடு அப்படியே நின்றார். "இங்க என்னங்க பண்ணிட்டிருக்கீங்க?"

பதில் சொன்னது சின்னத்தாய். "பிசிறு வெட்டுறாக சார். எங்க எல்லார் பங்கையும் சேத்து. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வெட்டி முடிச்ச பீஸ் வேணும், இல்லைன்னா இனிமே வேலையே தர மாட்டோம்னு சொல்லிட்டாக. நாங்க மேட்சுக்கு வரலைன்னுதான் சொன்னோம். மிஸ்தான் பிடிச்சுத் தள்ளி வண்டியேத்திவிட்டாக."

"அப்ப சாயங்காலம் ஊடு ஊடாப் போறது?"

"அதுவும் இதுக்குத்தான் சார். முன்னாடியெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பிள்ளைகளும் உக்காந்து வெட்டுனாத்தான் வேலை முடியும். அப்புறம் எங்கிட்டு வெளையாட? இப்ப பிள்ளைக கிரவுண்டுக்குப் போகுதுக. அதுக எடத்துல மிஸ் உக்காந்துக்கிடுவாக."

கேட்க நினைத்த நாலு கேள்வியில் ஒன்றுகூட கந்தவேலுக்கு நினைவில்லை.

"இருந்தாலும் ஃபைனலுங்க. நீங்க பார்க்க வேண்டாமா?"

"பிள்ளைக ஆட்டத்தை நான் தெனமும் பாக்கேன் சார்," என்றார் விஜயராணி. "பெத்தவுக ஒருநாள்கூடப் பார்த்ததில்லையே."

கந்தவேலுக்கு இப்படியொரு மனுசியைப் பிடித்து வந்தது நாமல்லவா என்று பெருமையாக இருந்தது. கூடவே காதும் சிவந்தது.

"படிக்கற புள்ளைக இருக்கற ஊட்டை, அதுவும் ஃபைனல் அன்னிக்குப் பார்த்து இந்த வெரட்டு வெரட்டியிருக்கான். எந்தக் கம்பெனிக்காரனுங்க அவன்? பேரைச் சொல்லுங்க, நான் கேக்கறேன்."

பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். விஜயராணி கையிலிருந்த பனியனை அவசரமாகக் கவிழ்த்துப் போட்டார்.

"அது எதுக்கு சார் இப்ப? நல்ல நாளும் அதுவுமா. கப்பைக் கொண்டாங்க, பாப்போம்."

கந்தவேல் விடவில்லை. குனிந்து குவியலிலிருந்து ஒரு பனியனை எடுத்து, கழுத்து லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அவருடைய கம்பெனி. பொழுது சாய்வதற்குள் பீஸ் வரவில்லையென்றால் ஆளை மாற்று என்று காலையில் மேனேஜருக்குப் போன் போட்டவரும் அவரேதான்.