ஓட்டையில்லாத பெட்டி

“இந்தப் பொட்டி உங்களுக்கு ஆகாது டெய்லர். வேற பாருங்க.”

தையல்காரர் அசந்துபோனார். பணத்தோடு வந்தவரிடம் தன் சரக்கைத் தானே குறை சொல்கிற கடைக்காரரை அவர் பார்த்ததில்லை. அதுவும் மாதக் கடைசியோடு கடையை மூடப்போகிறார் என்று தெருவே பேசிக்கொள்ளும் கடைக்காரர்.

“ஏன், நல்லாத்தானே இருக்கு? பூட்டு இருக்கு, கண்ணாடிக் கதவு இருக்கு, ரெண்டு ஃபேன் இருக்கு.”

“அந்த ஃபேன்தான் வினை. பன்னெண்டு மெஷின் ஓடுற இடம், பஞ்சு பறக்கும்னீங்க. ஃபேன் அத்தனையையும் உள்ளே இழுக்கும். ஆறே மாசத்துல உள்ளே வைக்கிற உங்க இன்டர்நெட் மோடத்துக்கும் ஸ்விட்சுக்கும் மெத்தை தைச்சுடும்.”

பஞ்சைப் பற்றி வாயைத் திறந்திருக்கவே கூடாது என்று தையல்காரர் நொந்துகொண்டார். சுவர் நெடுக அடுக்கியிருந்த பெட்டிகளில் பாதிக்கு ஃபேன்; மீதிக்குக் கோடு கோடாகத் துளை. ஓட்டையே இல்லாமல் ஒன்று கிடைக்காதா என்று கேட்டார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். அவரும் அவர் அண்ணனும் ஒரே கடையில் இருந்தவர்களாம். அப்பா போன பிறகு பிரிந்தது சொத்துக்காக இல்லை, ஓட்டைக்காக. ஓட்டை போட்டால் அது பெட்டியில்லை, சல்லடை என்பது அண்ணன் கட்சி. மூச்சுவிட வழியில்லாவிட்டால் உள்ளே இருக்கும் சாமான் வெந்துபோகும் என்பது இவர் கட்சி. பேச்சு முற்றி, ஒன்பது வருஷமாகப் பேச்சே இல்லை. அண்ணன் கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.

“அப்ப அங்கேயே போய் வாங்கிக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுத் தையல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைக்காரரின் பார்வை ஒரு மூலைக்குப் போய்த் திரும்பியது. அங்கே பழைய போர்வை போர்த்தி ஏதோ நின்றிருந்தது. தையல்காரர் எழுந்துபோய்ப் போர்வையைத் தூக்கினார். கனத்த தகடு, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. மருந்துக்குக்கூட ஓர் ஓட்டை இல்லை.

“அது விக்கிறதுக்கு இல்ல.”

“ஏன்?”

கடைக்காரர் மோவாயைத் தடவினார். போர்வையைப் பார்த்தார், தையல்காரரைப் பார்த்தார். “பஞ்சுக்கு இதுதான் சரி. கொஞ்சம் பெருசு, அதனால சூடு தகட்டு வழியாவே இறங்கிடும். இதை வச்சுக்கிட்டே இல்லைன்னு சொன்னா எங்கப்பா கனவுல வந்து உதைப்பார். எடுத்துக்குங்க.”

விற்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு என்றார். அப்பா காலத்து வழக்கம். உள்ளே சாக்பீஸால் எதையாவது வரைந்து, கதவைப் பூட்டி, மேலே இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். வரைந்தது கலையாமல் இருந்தால் பெட்டி தேறியது.

“அண்ணன் காக்கா வரைவான், நான் குருவி. அவன் காக்காவுக்கு எப்பவும் மூணு காலு. கேட்டா, ரெண்டு கால்ல நின்னா விழுந்துடும்பான். ரெண்டு பேரும் வரைஞ்சாத்தான் அப்பா பொட்டியைக் கடையை விட்டு இறக்குவார். ஒருத்தன் பார்த்தது பத்தாதுன்னுவார்.”

கதவைப் பாதி திறந்து, முதுகால் மறைத்தபடி ஏதோ வரைந்தார். பூட்டினார். தண்ணீர் ஊற்றினார். துடைத்துத் திறந்து தலையை உள்ளே விட்டவர், சீக்கிரத்தில் வெளியே எடுக்கவில்லை.

“உள்ளே காஞ்சிருக்கு,” என்றார். குரல்தான் கொஞ்சம் நனைந்திருந்தது.

விலை சொன்னார். தையல்காரர் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தார்.

“பேரம் பேசாம வாங்குறீங்களே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்ற கடைக்காரர், போர்வையையும் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். அடுத்த மாசமும் கடையைத் திறந்துதான் பார்ப்போமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பெட்டி வண்டியேறி, இரண்டு தெரு தள்ளி இறங்கியது. தையல் கடையில் அல்ல, அண்ணன் கடையில்.

“மூடறானாமா?” என்பதுதான் அண்ணன் கேட்ட முதல் கேள்வி.

இந்த மாதம் இல்லை என்றார் தையல்காரர். அண்ணன் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். பின்னறையில் ஏற்கெனவே மூன்று பெட்டிகள் தூங்கின, மூன்றிலும் ஃபேன். மாதம் ஓர் ஆளை அனுப்பி, பேரம் பேசாதே என்று சொல்லி, தம்பியிடம் அவர் வாங்கியவை.

போர்வையை அவிழ்த்தவர் புருவத்தை உயர்த்தினார். “ஓட்டை இல்லாத பொட்டியா? அப்ப நான் சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கிட்டானா?”

தையல்காரர் பஞ்சுக் கதையைச் சொன்னார்.

“வந்த ஆளை விரட்டப் பார்த்தானா? அவனுக்கு வியாபாரம் வராதுய்யா. என் கடையைப் பாரு. ஆறு மாசமா ஈ ஓட்டினேன், இல்லைங்கல. ஆனா போன மாசம் ஒரு நர்ஸம்மா வந்தாங்க. சொன்ன விலையைக் குடுத்தாங்க, பொட்டியை எடுத்தாங்க, போயிட்டாங்க. ஒரு ரூபா குறைச்சுக் கேக்கலை. அதுக்கெல்லாம் கைராசி வேணும்.”

சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தார்.

உள்ளே, நர்ஸம்மாவுக்குக் கொடுக்கும் முன் அவர் கையால் வரைந்த மூன்று கால் காக்கா அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதை ஒட்டி, ஒன்பது வருஷம் கழித்து, ஒரு குருவி.