ஏழாவது பாலம்

"அவன் நல்லவனே கிடையாது" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது.

ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையை இவர் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டார் என்பதெல்லாம் சும்மா மரியாதைக்கு. நான்தான் அவர் விரல்களை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

வலி இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

"நல்லவன்னா முகமூடி எதுக்குடா?"

கல்யாணமாகி ஏழு வருடமாக 'ங்க' போட்டுப் பேசியவள் நான். பிரசவ அறைக்குள் வந்த ஒரு மணி நேரத்தில் 'டா' வந்து உட்கார்ந்துகொண்டது. அவரும் கண்டுகொள்ளவில்லை.

கையுறை மாட்டிக்கொண்டிருந்த பெரிய சிஸ்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும்மா அவன்? போலீஸ்ல சொன்னீங்களா?"

அட, அவன் வீடியோ கேமில் வருகிறவன் சிஸ்டர் என்று விளக்க வேண்டியதாகிவிட்டது.

ஒரு பெண் முதுகில் டிராகன் முட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். வழியில் ஏழு பள்ளத்தாக்கு, ஏழு கயிற்றுப் பாலம். ஒவ்வொரு பாலத்தையும் அவள் கடந்ததும் முகமூடிக்காரன் ஒருவன் வந்து பாலத்தை அறுத்துவிடுகிறான். ஒரு வார்த்தை பேசமாட்டான். அறுப்பான், போய்விடுவான்.

ஆறு பாலம் முடித்திருந்தோம். இன்று காலை ஏழாவதில் கால் வைக்கலாம் என்று உட்கார்ந்தால், வலி வந்துவிட்டது.

நான் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று லென்ஸ் வெட்டுகிறவள். போன தடவை ஐந்தாம் மாதமே எல்லாம் போய்விட்டது. அதனால் இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சும்மா படுத்திருந்தால் இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று இவர்தான் அந்த கேமை வாங்கி வந்தார். பைத்தியம் இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது, அது வேறு விஷயம்.

முகமூடிக்காரன் முட்டைத் திருடன் என்பது என் கட்சி. திரும்பிப் போக வழியில்லாமல் பண்ணி, மலை உச்சியில் வைத்துப் பிடுங்கிக்கொள்ளத்தான் பார்க்கிறான்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். கயிற்றைப் பற்றி யார் பேசினாலும் நடுவில் புகுந்துவிடுவார்.

"அவ பாதம் தரையில பட்டப்புறம்தான் அறுக்கறான், கவனிச்சியா? கெட்டவன்னா நடுப் பாலத்துலயே வேலையை முடிச்சிருப்பான்."

"பின்னால யாராச்சும் துரத்துறாங்களா?" இது சிஸ்டர்.

ஒருத்தரும் இல்லை.

"அப்போ எதுக்கு அறுக்கறான்?" என்று முனகிக்கொண்டே என்னைச் சோதித்துப் பார்த்தார். சோதித்துவிட்டு, இனி பேச்சு போதும் என்றார்.

அதற்குப் பிறகு வந்ததற்கு வலி என்று பெயர் வைத்தவன் யாரோ, அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"என்னால முடியாது சிஸ்டர். வீட்டுக்குப் போறேன். நாளைக்கு வரேன்."

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். வலிக்குக்கூட நான் பயப்படவில்லை. வலி முடிந்த பிறகு என்ன இருக்கும் என்றுதான் பயந்தேன். போன தடவை அந்த அறையில் அழுதது நான் மட்டும்தான்.

சிஸ்டர் என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"பாலத்தை அறுத்தாச்சும்மா. இனிமே முன்னாலதான். ம்ம், முக்கு!"

முக்கினேன்.

அழுதாள். அப்பப்பா, என்ன குரல்! அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். இவரும் அழுதார், நானும் அழுதேன். யார் குரல் பெரிது என்று போட்டி வைத்திருந்தால் சந்தேகமே இல்லாமல் அவள்தான் ஜெயித்திருப்பாள்.

துடைத்து, சுற்றி, என் நெஞ்சின்மேல் படுக்க வைத்தார்கள். மூக்கு இவர் மூக்கு. பரவாயில்லை, பழகிக்கொள்ளலாம்.

கையைக் கழுவிக்கொண்டே சிஸ்டர் கேட்டார். "சரி, கடைசில யாருதான் அவன்?"

இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "முகமூடியைக் கழட்டினதும் நானே அசந்துட்டேன் சிஸ்டர்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான். ஒருத்தரை விட்டுவிட்டு இன்னொருத்தர் ஆடக்கூடாது.

"எப்போ?" என்றேன்.

"ஆறாம் மாசம். ஸ்கேன் பார்த்துட்டு டாக்டர் ஒண்ணுமே சொல்லாம இருந்தாரே, அன்னிக்கு. நீ தூங்கிட்டே. நான் கடைசி வரைக்கும் ஆடிப் பார்த்தேன். முட்டை உடையற மாதிரி இருந்திருந்தா, கேம் கெட்டுப்போச்சுன்னு சொல்லித் தூக்கிப் போட்டிருப்பேன்."

மூன்று மாதம்! எல்லாம் தெரிந்துகொண்டே தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த குழியிலேயே விழுந்து, தலையில் அடித்துக்கொண்டு, என்னோடு மல்லுக்கு நின்றிருக்கிறார், படுபாவி.

நன்றாக நாலு திட்டு திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அதன் நடுவில் சிரிப்பு வேறு.

"எனக்கு மட்டும் சொல்லுங்க தம்பி" என்று சிஸ்டர் அவரைக் கதவோரம் இழுத்துக்கொண்டு போனார். மெதுவாகப் பேசுவதாக இருவருக்கும் நினைப்பு. இவர் குரல் லிஃப்ட் ஏறி இறங்கும் கிணற்றுக்குள் கத்திக் கத்திப் பழகிய குரல்.

"அடக் கடவுளே, அவனா!" என்றார் சிஸ்டர்.

எனக்கு இருப்பதே இரண்டு கை. இவளாவது முடிவு தெரியாமல் ஆடட்டும் என்று குழந்தையின் காதுகளைப் பொத்தினேன்.