அச்சில் வந்த பிள்ளை

நாயுடுபுரத்தில் காலை எட்டு மணிக்கும் மூட்டம் கலையவில்லை. என் வாசற்படியில் மாரியாயி நிற்கிறாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்து, இங்கே பூண்டுக் காட்டில் களையெடுக்கிறவள். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோன தன் மகளைப் பற்றி அவள் பஸ்ஸில் என்னிடம் சொன்னதைத்தான் நான் கதையாக எழுதியிருந்தேன். கதை கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. இப்போது அந்தக் கதை வெளிவந்த வாரப்பத்திரிகையை இடுப்பிலிருந்து எடுக்கிறாள். ஈரம் படாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருக்கிறாள். அவள் தலைமுடியில் ஒட்டிய தூறல் மங்கிய வெளிச்சத்தில் மினுங்குகிறது.

“டீச்சரம்மா படிச்சுக் காட்டினாங்க. கதையில எம்புள்ள பொழச்சுக்கிச்சாமே, ஐயா?”

“ஆமாம்மா. எனக்குச் சாக விட மனசு வரல.”

அவள் முகத்தில் கோபம் இல்லை. மண்ணேறி வெடித்த விரலால் பக்கத்தைத் தடவுகிறாள்.

“என்ன மருந்து குடுத்தாங்க? நான் எதைச் செய்யாம விட்டுட்டேன்னு தெரியணும். அந்த எடத்த மட்டும் படிங்க.”

நான் அந்த இடத்தைத் தேடுகிறேன். ‘விடியும்போது காய்ச்சல் விட்டிருந்தது’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. அவள் காதை என் பக்கம் சாய்த்துக் காத்திருக்கிறாள்.