செவலையின் நாக்கு

இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். உப்புத் தண்ணீரைத் தொட்டு, மணிக்கட்டில் தொடங்கி மேலே தடவிக்கொண்டே போனாள்.

முழங்கைக்குக் கீழே இருந்த தேமலின் மேலும் தடவினாள். அங்கே தண்ணீர் சில்லிட்டதா இல்லையா என்று யோசிக்காமல் தடவினாள்.

செவலைப் பசு கழுத்தை நீட்டி மோப்பம் பிடித்தது.

கல்லூரி மாட்டுக் கொட்டகையில் அந்த நேரத்தில் கூட்டம் இல்லை. கோடியில் முப்பிடாதி அக்கா மட்டும் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். பாடம் நடத்துகிற டாக்டரம்மா மாட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். மறுபடி குனிந்து வழித்தாள். கால்நடைக் கல்லூரியில் படித்தவர்கள் இதைவிடக் கிறுக்குத்தனமெல்லாம் செய்வார்கள்.

டாக்டரம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை.

தேமல் முதலில் ஒரு ரூபாய் அகலம்தான் இருந்தது. வெயிலில் வருவது, போய்விடும் என்றிருந்தாள். இப்போது உள்ளங்கையால் மூடினாலும் ஓரம் வெளியே தெரிகிறது. இந்தக் கோடையிலும் முழுக்கைச் சட்டைதான். அரிப்பு இல்லை. எரிச்சல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பஞ்சால் தொட்டுப் பார்த்தாள். ஊசியால் குத்திப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டும் குத்தினாள். ஒவ்வொரு முறையும் தெரிந்த மாதிரிதான் இருந்தது. எங்கே குத்துகிறோம் என்று குத்துகிற கைக்குத் தெரியுமே. அது போய் மூளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொண்டால் எந்தக் கோர்ட்டு நம்பும்.

கணவனைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஏன் என்று கேட்பான்.

தொழுநோய்.

அந்தச் சொல்லை அவள் மனதுக்குள்கூட முழுதாக ஓடவிட்டதில்லை. மாத்திரை உண்டு, சரியாகிவிடும் என்றெல்லாம் தெரியும். பிறத்தியாருக்கு என்றால் தைரியமாகச் சொல்லியிருப்பாள். வீட்டில் இருப்பது பல் முளைக்காத பிள்ளை. அவளுடைய இடது கையில் தலை வைத்தால்தான் தூங்குவான். கொஞ்ச நாளாக வலது கைக்கு மாற்றிப் பார்க்கிறாள். அழுது தீர்க்கிறான். பால் போதவில்லை போல என்கிறார்கள் வீட்டில்.

காலையில் வகுப்பில் மாட்டு நாக்கைத்தான் நடத்தினாள். அவளே மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டியது.

மேலே வரிசை வரிசையாக முட்கள். எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. நகம் மாதிரி கெட்டித்துப்போன தோல். முள்ளின் நுனியைக் கிள்ளினால் மாட்டுக்குத் தெரியாது. நடுவே அங்கங்கே காளான் குடை போலச் சில மேடுகள். ருசி அறிவது அவைதான்.

அடுத்த தகட்டில் வெள்ளி உப்பு ஏற்றியிருந்தாள். அதில் நரம்புகள் மட்டும் கறுப்பாகத் தெரியும். அடிச்சதையிலிருந்து மெல்லிய இழைகள் ஏறி, கிளை பிரிந்து, ஒவ்வொரு முள்ளின் அடிக்கும் போயிருந்தன.

"நரம்பு போகாத எடமே இல்ல, பாருங்க" என்றாள் மாணவர்களிடம்.

சொல்லும்போதே வலது கை இடது சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டது.

அப்போதுதான் தோன்றியது. அவ்வளவு சொரசொரப்பான நாக்கு. அடுத்து எங்கே நக்கும் என்று யாருக்கும் தெரியாது. நக்கிவிட்டுப் பொய் சொல்லவும் அதற்குத் தெரியாது.

இப்போது செவலையின் முன் கண்ணை மூடிக்கொண்டாள்.

மணிக்கட்டில் பட்டது. ஈரம். சூடு. பிறகு அரம் போட்டது போல ஓர் இழுப்பு.

உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு நன்றாக வலிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

இன்னொரு தடவை. கொஞ்சம் மேலே. முள் ஒவ்வொன்றும் தெரிந்தது.

இன்னொரு தடவை.

வீணாகப் பயந்துவிட்டோம் என்று நினைத்தாள். இன்றைக்குப் பிள்ளையை இடது கையிலேயே போட்டுக்கொள்ளலாம். அழாமல் தூங்குவான்.

பிறகு செவலை நிறுத்திவிட்டது.

காத்திருந்தாள். மாடு என்றால் இப்படித்தான், காரியம் ஆகிற நேரத்தில் வேறு எங்காவது போய்விடும். சரக் சரக்கென்று நக்குகிற சத்தம் கேட்டது. தண்ணீர்த் தொட்டியை நக்குகிறது போல. உப்பு போதவில்லையோ என்னவோ. கை லேசாக ஆடியது. பயத்தில் நடுங்குகிறது என்று நினைத்தாள்.

கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

வா, என்று மனதுக்குள் கூப்பிட்டாள். வந்து தொடு.

முப்பிடாதி அக்காவின் குரல் பக்கத்தில் கேட்டது.

"போதும் டாக்டரம்மா, கைய எடுங்க. ஒரே எடத்தப் போட்டு எம்புட்டு நேரமா நக்குது. செவந்து போச்சு. எரியலயா ஒங்களுக்கு?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"எரியுதுக்கா" என்றாள்.

கையை எடுக்கவில்லை.