சின்னதே போதும்

"இதைச் சும்மா குடுத்தாலும் எனக்கு வேணாம்!" பெரிய படகின் விலாவில் ஓங்கித் தட்டினார் அவர். இருபது வருஷம் அடுத்தவர் படகில் கூலிக்கு வலை இழுத்தவர், இன்றைக்குத்தான் சொந்தப் படகு வாங்க வந்திருந்தார்.

படகு வியாபாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே, இதுல ஆறு பேர் ஏறலாம். மூணு நாள் கடல்ல தங்கலாம். பக்கத்துல நிக்கிற சின்னது அப்படியா? காலைல போனா சாயங்காலம் கரைக்கு வந்தாகணும்."

"குடும்பம் உள்ளவன் வரத்தானே வேணும்? இது டீசலைத் தண்ணியாக் குடிக்கும். ஆறு பேருக்குச் சோறு போட்டே நான் ஓட்டாண்டி ஆயிடுவேன். கைக்கு அடக்கமா அந்தச் சின்னதே போதும்."

சொல்லிக்கொண்டே பெரிய படகில் ஏறி, மீன் அறையை மூன்றாவது தடவையாகச் சாண் போட்டு அளந்தார். அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

பணப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவி வெயிலில் நின்றாள். துணைக்கு வந்த அவள் தம்பி கடலையைக் கொறித்தபடி, மாமா பேசுவதை வாய் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, பெரிசுக்கு இன்னும் பத்தாயிரம் குறைச்சுக்கறேன்."

"யோவ், காலையிலேருந்து சின்னது சின்னதுன்னு கத்துறேன், இதையே என் தலையில கட்டப் பாக்குறீரே! பெயிண்ட் அடிச்சு ஓட்டையை மறைச்சிருக்கீர்."

"ஓட்டையா? எங்க, காட்டுங்க பாப்போம்!"

"ஓட்டை இல்லேன்னா இவ்வளவு நாள் ஏன் விக்காம கிடக்கு?"

"அண்ணே, இன்னொரு பத்து. இதுக்கு மேல இறங்கினா நான் இந்தக் கொட்டகையை வித்துட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்."

அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் இந்த மனுஷன் வழிக்கு வரவில்லையே! "எனக்குப் படகே வேணாம், ஆளை விடுங்கய்யா!" என்று கையை உதறிவிட்டு, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து மெதுவாக வெளியே நடந்தார்.

எதிர் டீக்கடையில், வியாபாரியின் வாசல் தெரிகிற பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தார். யாரும் கூப்பிட வரவில்லை. இரண்டாவது டீயும் ஆறிப்போனது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

முகமெல்லாம் சிரிப்பாக எதிரே ஓடிவந்தாள் மனைவி. கக்கத்துப் பை தட்டையாக இருந்தது.

"இதுக்குப் போயா அவ்வளவு கோபம்? நீங்க ஆசைப்பட்ட சின்னதையே பணம் கட்டி முடிச்சுட்டேன்!"

அவர் பெரிய படகைப் பார்த்தார். அதன் முனையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தான் மச்சினன்.

"நீங்கதான் வேணாம்னுட்டீங்களே! நீங்க இறக்கின விலைக்கே தம்பி அதை எடுத்துக்கிட்டான். மிச்சப் பணத்துல அவனுக்கு அட்வான்ஸும் நானே குடுத்துட்டேன். ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

"அடியே... அது பேரம்டி!"