ஆறு வரிசை

பனி கரைந்ததும் புல்வெளித் தெளிப்பான்களைச் சோதிப்பது அந்த வீட்டில் இரண்டு பேர் வேலை. மார்லிஸ் கராஜில் நின்று தண்ணீர் திறக்கும் குமிழை ஒவ்வொரு வரிசையாகத் திருப்பி, அதன் எண்ணைக் கத்துவாள். தண்ணீர் பீறியதும் வெளியிலிருந்து அவள் கணவர் வெர்ன், "வருது!" என்பார். வெர்ன் பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

ஏப்ரலில் அவள் தனியாகத் திருப்பினாள். பழக்கத்தில், "ஒண்ணு!" என்று கத்திவிட்டாள்.

"வருது!"

எட்டிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை, பார்த்தால் போய்விடுவாரோ?

"மூணு!"

"வருது. ஒரு தெளிப்பான் மட்டும் உன் தம்பி மாதிரி கோணலா நிக்குது."

ஆறாவது வரிசையோடு தோட்டம் முடிந்தது. அவள், "ஏழு!" என்றாள்.



"ஆறுதானே இருக்கு, மார்லிஸ். போதும், நிறுத்திடு."

அவள் குமிழை மறுபடி ஒன்றுக்குத் திருப்பிக் கத்தினாள்.

வெளியே தண்ணீர் மட்டும் வந்தது.