நாலு சக்கரமும் நல்ல மனசும்

டயர்க்காரருக்குத் தன் கைகளின் மேல் இருந்த நம்பிக்கை, தன் மூளையின் மேல் கிடையாது. "நம்ம தலைக்குள்ள இருக்கறது முப்பது பவுண்டு காத்துதாங்க" என்று வாடிக்கையாளர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் மனைவி மட்டும் சிரிக்கமாட்டாள். "அவ்வளவெல்லாம் இருக்காது" என்பாள்.

அதனால்தான், தெருவில் நிறுத்தும் வண்டிகளில் திருட்டு நடப்பதாகப் பேச்சு கிளம்பியதும், அந்தத் திருடனைத் தன் கையாலேயே பிடித்து மனைவியை அசத்திவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை முளைத்தது.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். கடைக்கு நாலு கட்டடம் தள்ளி நின்ற ஒரு சாம்பல் நிறக் காரின் அருகே, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஸ்பேனர் மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார். நட்டு அசைவதாக இல்லை.

அடுத்தவர் நட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு டயர்க்காரரால் சும்மா இருக்க முடியாது. அது அவருக்கு ஒரு வியாதி.

"சார், அது மிஷின் வச்சு இறுக்கினது. நீங்க ஏறிக் குதிச்சாலும் அசையாது. தள்ளுங்க."

"ரிம்முக்கு பெயின்ட் அடிக்கக் குடுக்கணும்ண்ணே. நாலையும் கழட்டணும். அரை மணியா உயிரை வாங்குது" என்றார் வெள்ளைச் சட்டை.

டயர்க்காரர் கடைக்கு ஓடினார். ஜாக்கி, நீளமான குழாய், முட்டுக் கொடுக்க மரக்கட்டைகள் எல்லாம் வந்தன. பதினைந்தே நிமிடம். நாலு சக்கரமும் கழன்றன. அந்த ஆளின் சட்டை அழுக்காகிவிடுமே என்று, அவர் கொண்டு வந்திருந்த வேனிலும் சக்கரங்களை டயர்க்காரரே தூக்கி வைத்தார். ஒரு நட்டுகூடத் தொலையாமல் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

"இங்க திருட்டு பயம் ஜாஸ்தி சார். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் வண்டிக்கு நான் காவல்."

வெள்ளைச் சட்டை உருகிப்போனார். "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா ஊர்ல திருட்டே நடக்காதுண்ணே!"

வேன் தெருமுனை திரும்பியது. டயர்க்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காரில் சாய்ந்து நின்றார்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எதிர்க் கட்டடத்தின் மாடிப்படியில் தடதடவென்று ஒருவன் இறங்கி ஓடி வந்தான். மூக்குக்குக் கீழே முகத்தை ஒரு பச்சைத் துணியால் பொத்தியிருந்தான். நேராக வந்து காரின் கதவைப் பிடித்து இழுத்தான்.

முகத்தை மறைத்தவன், பட்டப்பகல், பூட்டிய கார். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? டயர்க்காரர் பாய்ந்து அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் ஏறி உட்கார்ந்தார். அவன் "ஊ... ஊ..." என்று திமிறினான்.

"ஊளையிடாதடா! யார்கிட்ட வேலையைக் காட்டற?"

கூட்டம் கூடியது. யாரோ கை தட்டினார்கள். இன்னொருவர் செல்போனில் படம் எடுத்தார். டயர்க்காரர் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டார். இந்தப் படத்தை மனைவிக்கு எப்படிக் காட்டுவது, முதலில் இருமிவிட்டு ஆரம்பிப்பதா, சும்மா மேஜைமேல் வைத்துவிட்டுப் போவதா என்றுகூட யோசித்துவிட்டார்.

சந்திப்பில் நின்ற போலீஸ்காரர் விசிலோடு வந்து சேர்ந்தார்.

"சபாஷ்! எங்களால முடியாததை நீங்க முடிச்சிட்டீங்க" என்று டயர்க்காரரின் தோளில் தட்டிவிட்டு, பிடிபட்டவனை எழுப்பி நிறுத்தி, "வாயைத் தொறந்து பேசுடா" என்று பச்சைத் துணியை இழுத்தார்.

துணிக்குப் பின்னால் வாய் நிறையப் பஞ்சு. அவன் அதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். கொஞ்சம் ரத்தத்தைத் துப்பினான். மரத்துப்போன நாக்கைச் சிரமப்பட்டுப் புரட்டினான்.

"பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லை இடுக்கியில புடிச்சிருந்தாரு, எந்திரிக்க முடியல சார்... என் கார்ல இருந்து இந்தாளு நாலு சக்கரத்தையும் கழட்டி வேன்ல ஏத்தி அனுப்பினதை, மாடி ஜன்னல் வழியா ஆரம்பத்துலேர்ந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்!"